கேதம் சொல்லப் போனவர்களின் சாவு
பிறப்பு – இறப்புப் பதிவின் வரலாறும் டிஜிட்டல் காலமும்

(டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவுநாள் உரையின் எழுத்து வடிவம்)



1956 டிசம்பர் 6 அன்று டெல்லியில் பாபாசாகேப் மறைந்தார். மறுநாள் மும்பை தாதர் கடற்கரையில் அவர் உடல் எரியூட்டப்பட்டது. அந்தச் சாவுக்கு நாளும் உண்டு, இடமும் உண்டு. ஆண்டுதோறும் அந்த இடத்துக்கு லட்சக்கணக்கான மக்கள் போகிறார்கள். இன்று நான் பேச வந்திருப்பது நாளும் இடமும் எழுதப்படாமல் போன சாவுகளைப் பற்றி. பிறப்பு – இறப்புப் பதிவு என்பது தாலுகா ஆபீஸ் வேலைதானே, இதில் நினைவுரை ஆற்ற என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். எங்கள் வீட்டுக் கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு தேதிக்காகப் பதினான்கு மாதம்

என் தாத்தா ஊர்வேலை பார்த்தவர். ஊரில் பெரிய வீட்டில் சாவு விழுந்தால் முதல் வேலை அவருக்குத்தான். கையில் கோலோடு சுற்றுவட்டாரத்து உறவுமுறை ஊர்களுக்கெல்லாம் நடந்துபோய்க் கேதம் சொல்ல வேண்டும். வாசலுக்கு வெளியே நின்று, செத்தவர் பெயரையும் எடுக்கிற நேரத்தையும் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். பிறகு சுடுகாட்டில் விறகு அடுக்கிப் பிணம் வேகும்வரை காத்திருக்க வேண்டும். அதோடு முடியாது. மணியகாரர் வீட்டுக்குப் போய், இன்னார் வீட்டில் இன்னார் செத்துப்போனார் என்று சொல்ல வேண்டும். அவர் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்.

தாத்தா 1979இல், தீபாவளி கழிந்து இரண்டு நாளில் இறந்தார். அவர் சாவை மணியகாரரிடம் போய் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவரே அவர்தானே.

1996இல் எங்கள் வீட்டுமனைப் பட்டாவை அப்பா பெயருக்கு மாற்றப் போனபோது வாரிசுச் சான்று கேட்டார்கள். வாரிசுச் சான்றுக்கு இறப்புச் சான்று கேட்டார்கள். அலுவலகத்தில் அந்த ஆண்டுப் பதிவேட்டைப் புரட்டினார்கள். அப்பா எட்டிப் பார்த்திருக்கிறார். பெரிய வீட்டுச் சாவுகள் இருந்தன. அந்தச் சாவுகளுக்கெல்லாம் கேதம் சொல்லப் போனவரின் சாவு மட்டும் இல்லை. முதலில் ‘பதிவு இல்லை’ என்று ஒரு சான்று வாங்க வேண்டியிருந்தது. தாள் இல்லை என்பதற்கு ஒரு தாள். பிறகு வக்கீல், பிரமாண வாக்குமூலம், இரண்டு சாட்சிகள், நீதிமன்றம். இறந்த தேதி எதுவென்று கேட்டபோது, தீபாவளி கழிந்து இரண்டாம் நாள் என்றுதான் அப்பாவுக்குச் சொல்லத் தெரிந்தது. வக்கீல் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒரு தேதி போட்டார். அந்தத் தேதி கையில் வரப் பதினான்கு மாதமும் அப்பாவின் பல நாள் கூலியும் ஆயின.

அப்போது நான் பள்ளி மாணவன். பின்னால் சமூகவியல் படித்தபோதுதான், எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல இது என்று தெரிந்தது. இந்த நாட்டில் பிறப்பு – இறப்புப் பதிவு உருவான விதத்திலேயே அது இருக்கிறது.

எண்ணத் தொடங்கியது யாருக்காக?

வெள்ளை அரசு இந்தியர்களின் சாவை எண்ணத் தொடங்கியது இந்தியர்கள் மேல் கொண்ட அக்கறையால் அல்ல. சிப்பாய்கள் போரில் சாவதைவிடக் காலராவிலும் காய்ச்சலிலும் அதிகம் செத்தார்கள். 1859இல் அமைக்கப்பட்ட ராயல் கமிஷன் இந்தியாவிலிருந்த படையின் சுகாதார நிலையை ஆராய்ந்தது. பாசறையைச் சுத்தமாக வைத்தால் மட்டும் போதாது, அதைச் சுற்றியுள்ள ஊர்களில் என்ன நோய் பரவுகிறது என்பதும் தெரிய வேண்டும் என்பது அதற்குப் புரிந்தது. 1864இல் வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் சுகாதாரக் கமிஷன்கள் அமைந்தன. ஊர்தோறும் சாவைக் கணக்கெடுக்கும் முறை இப்படித்தான் பரவியது. 1886இல் வந்த பதிவுச் சட்டம் விருப்பமுள்ளவர் பதிந்துகொள்ளலாம் என்ற அளவிலேயே நின்றது. சென்னை மாகாணத்துக்கு 1899இல் தனிச்சட்டம் வந்தது.

சட்டம் யார் கையில் இருந்தாலும், சாவுச் செய்தியைக் கொண்டுவர ஊருக்கு ஒருவர் தேவை. அந்த ஆள் ஏற்கெனவே இருந்தார். தெற்கே வெட்டியான், தலையாரி. மராட்டியத்தில் மகார். வடக்கிலும் வங்காளத்திலும் சௌக்கிதார். அவர்களில் பெரும்பகுதி துசாத், பாசி, டோம் போன்ற சாதியினர். சௌக்கிதார் வாரம் ஒருமுறை காவல் நிலையத்துக்குப் போய்ப் பிறப்பையும் இறப்பையும் சொல்ல வேண்டும். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேறொருவர் எழுதுவார். பிள்ளைப்பேற்றின் பக்கமும் இதே நிலைதான். வட இந்தியாவில் தாய் எனப்படும் மருத்துவச்சிகள் பெரும்பாலும் தலித் பெண்கள். தமிழ்நாட்டில் மருத்துவர் சமூகப் பெண்களும் சேரிப் பெண்களும். தீட்டு என்று மற்றவர்கள் ஒதுங்கிய இரண்டு இடங்கள் பிறப்பும் சாவும். அந்த இரண்டு இடத்திலும் கைவைத்தவர்கள் நம்மவர்கள். நவீன அரசின் பிறப்பு – இறப்புக் கணக்கு சாதி விதித்த இந்த ஊழியத்தின் மேல்தான் எழுந்தது. அந்த ஊழியர்களின் பெயரை எந்த அறிக்கையும் சொல்லவில்லை.

பாபாசாகேபுக்கு இது நன்றாகத் தெரியும். சாவுச் செய்தியை உறவினர்களுக்குக் கொண்டுபோவதைத் தீண்டப்படாதவர்மேல் ஊர் சுமத்திய கடமைகளில் ஒன்றாக அவர் எழுதியிருக்கிறார். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில், 1874ஆம் ஆண்டின் பரம்பரைப் பதவிச் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். மகார் வதன் என்ற பெயரில் ஒரு துண்டு நிலத்துக்காக ஒரு சமூகமே இரவும் பகலும் கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டிய நிலையை முடித்துவைப்பதே அதன் நோக்கம். அது அப்போது நிறைவேறவில்லை. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1958இல்தான் அந்த வதன்களை ஒழிக்கும் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் பரம்பரை மணியம், கர்ணம் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டு, அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அதுவரை நம் சாவை எழுதுவதா வேண்டாமா என்பதை ஊர்ப் பெரிய வீடு முடிவு செய்துகொண்டிருந்தது.

பசிக்குக் கட்டம் இல்லை

அந்தப் பழைய பதிவேடுகளில் சாவின் காரணத்துக்குச் சில கட்டங்கள் இருந்தன. காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம், பிற. கூடுதலாக நிரம்பியது காய்ச்சல் கட்டம்தான். எதனால் செத்தார் என்று தெரியாவிட்டால் காய்ச்சல். பசியால் செத்தாலும் காய்ச்சல், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு. பசிக்கென்று கட்டம் இல்லை.

1943 வங்கப் பஞ்சத்தைப் பாருங்கள். அரசு அமைத்த பஞ்ச விசாரணைக் கமிஷன், பதிவான சாவுகளை அடிப்படையாக வைத்துச் சுமார் 15 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. பின்னாளில் அமர்த்தியா சென் போன்றவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் என்றார்கள். இந்த இடைவெளிக்கு ஒரு காரணம் சௌக்கிதார்கள். நிலமற்ற கூலிகள் செத்த அதே பஞ்சத்தில் அவர்களும் செத்தார்கள், ஊரைவிட்டுப் போனார்கள். சாவைச் சொல்ல வேண்டியவர் செத்தபோது பதிவேடு வாயடைத்துப் போனது. என் தாத்தாவுக்கு நடந்ததுதான் அங்கே ஒரு மாகாணம் முழுக்க நடந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு சான்றும் உண்டு. 1918 இன்ஃப்ளுயன்சாவில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பம்பாய் நகரத்தில் இறந்தவர்களின் சமூகமும் பதிவானது. அதனால் நமக்கு ஒரு கணக்கு கிடைத்திருக்கிறது. ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8.3 பேர். பார்சிகளில் 9. சாதி இந்துக்களில் 18.9. தாழ்த்தப்பட்ட சாதி இந்துக்களில் 61.6. அதே நகரம், அதே கிருமி. சாதி இந்துக்களைப்போல மூன்று மடங்குக்கும் மேலாக நம் மக்கள் செத்தார்கள். நெரிசலான சாளும், கூலி நின்ற பட்டினியும், மருத்துவர் எட்டாத தெருவும் சேர்ந்து செய்த வேலை அது. பதிவேடு கேட்டதால்தான் அந்த உண்மை நூறு ஆண்டு கழித்தும் நம் கையில் இருக்கிறது. கேட்காத ஊர்களில் அது மண்ணோடு போனது.

தகப்பன் எங்கே பிறந்தான்?

பதிவேட்டில் இல்லாமல் போவது பட்டா விஷயத்தோடு நிற்பதில்லை. ஒரு மக்கள் கூட்டத்தையே நாடில்லாதவர்களாக்க அது போதும் என்பதை நம் தமிழர்களே அனுபவித்திருக்கிறார்கள்.

இலங்கை மலையகத்தில் தேயிலைக்கும் காப்பிக்கும் போன கூலிகளில் பெரும்பகுதி பள்ளரும் பறையரும் சக்கிலியரும். சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே இலங்கை நாடாளுமன்றம் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்து கொழுந்துக் கூடையோடு வளர்ந்தவர்கள் பாட்டன் பிறந்த சான்றுக்கு எங்கே போவார்கள்? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அவர்கள் பிறந்தபோது அக்கறையாக எழுதிவைக்காத அரசுதான், பிறகு எழுத்து எங்கே என்று கேட்டது.

அசாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேர் விடுபட்டார்கள். அங்கும் கேள்வி இதுதான்: உன் தாளைக் காட்டு, உன் தகப்பன் தாளைக் காட்டு.

பதிவு நமக்கு வேண்டும். அது இல்லாமல் பட்டா இல்லை, ஓய்வூதியம் இல்லை, இழப்பீடு இல்லை. ஆனால் பதிவது அரசின் கடமையாக இருக்கும்வரைதான் அது உரிமை. பதிவாகாததற்கு நம்மையே தண்டிக்கத் தொடங்கினால் அதே பதிவு விலங்காகிவிடும். டிஜிட்டல் பதிவைப் பற்றிப் பேசும்போதும் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1969 சட்டம்: யார் சொல்ல வேண்டும்?

இன்று நாடு முழுவதும் நடைமுறையில் இருப்பது 1969ஆம் ஆண்டின் பிறப்பு – இறப்புப் பதிவுச் சட்டம். 21 நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும். வீட்டில் நடந்தால் குடும்பத் தலைவர், மருத்துவமனையில் நடந்தால் அதன் பொறுப்பாளர். 10ஆம் பிரிவை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். பிரசவம் பார்த்த மருத்துவச்சியும், பிணம் புதைக்கும் அல்லது எரிக்கும் இடத்தைப் பராமரிப்பவரும் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அது. பழைய சாதி ஊழியம் சட்டக் கடமையாக எழுதப்பட்ட இடம் இது. மாநகராட்சி மயானத்தில் சம்பளம் வாங்கும் ஊழியர் அறிவிப்பார். கிராமத்துச் சுடுகாட்டில் விறகு அடுக்குகிறவருக்குப் பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை, நோட்டுப் புத்தகமும் இல்லை. அதிலும் சேரிக்கென்று ஒதுக்கிய இடுகாட்டில் யார் வந்து கணக்கெடுப்பார்கள்?

பிறப்பின் கதையைச் சொல்லவே வேண்டாம். இங்கே இருக்கும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட தோழர்கள் சான்றிதழில் தங்கள் பிறந்த மாதத்தைப் பாருங்கள். ஜூனில் பிறந்தவர்கள் ஏராளமாக இருப்பீர்கள். பள்ளி திறக்கும் மாதம். தலைமையாசிரியர் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு தேதி போட்டார். பெயரும் பலருக்கு அப்படித்தான். வீட்டில் வைத்த நல்ல பெயர் ஒன்று, எழுதுகிறவர் வாயில் வந்த பெயர் இன்னொன்று. மாரியப்பன் ‘மாரி’ ஆனார், முனியம்மாள் ‘முனி’ ஆனார். கணினிக்கு இவர்கள் வேறு வேறு ஆட்கள்.

சட்டம் வந்து ஐம்பது ஆண்டு கழித்து நிலை என்ன? 2019இல் நாட்டில் நடந்த சாவுகளில் 92 விழுக்காடு பதிவானதாக அரசின் குடிமைப் பதிவு அறிக்கை கணித்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு வீடுவீடாகப் போய்க் கேட்டபோது பதிந்ததாக மக்கள் சொன்னது ஏறத்தாழ 71 விழுக்காடு. 2020இல் பதிவான ஒவ்வொரு நூறு சாவிலும் ஆண்கள் 60, பெண்கள் 40. பெண்கள் அவ்வளவு குறைவாகவா சாகிறார்கள்? சொத்தும் வங்கிக் கணக்கும் பெயரில் இருந்தால் சாவைப் பதிய ஆள் ஓடும். எதுவும் பெயரில் இல்லாத கிழவியின் சாவுக்கு யார் ஓடுவார்கள்? நிலமற்றவர் நிலையும் அதுதான்.

கணினி வந்த பிறகு

டிஜிட்டல் பதிவால் வந்த நன்மையை நான் மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் பிரசவங்கள் ஏறத்தாழ அனைத்தும் மருத்துவமனையில் நடக்கின்றன. தாய்க்குக் கர்ப்ப காலத்திலேயே எண் கொடுக்கப்படுகிறது, குழந்தையின் பதிவு அதோடு இணைகிறது. சான்றிதழை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். என் அப்பா அலைந்த அலைச்சல் இன்று பிறக்கும் குழந்தைக்கு இல்லை. பதிவேட்டின் பக்கத்தைக் கிழிக்க முடியாது, கரையான் தின்னாது, தேதியைத் திருத்தினால் தடம் இருக்கும். பதிவேடு அதிகாரத்துக்கு எதிராகவும் சாட்சி சொல்லும் என்பதைக் கொரோனா காலத்தில் பார்த்தோம். சென்னையில் மாநகராட்சிப் பதிவேட்டையும் அரசின் அன்றாட அறிவிப்பையும் ஒப்பிட்டபோது வேறுபாடு தெரிந்தது. 2020 ஜூலையில் 444 சாவுகளை அரசு கணக்கில் சேர்க்க வேண்டிவந்தது. நாடு முழுவதும் பதிவான சாவுகள் 2020இல் 81 லட்சம், 2021இல் 1 கோடியே 2 லட்சம். ஒரே ஆண்டில் இத்தனை பேர் கூடுதலாக ஏன் இறந்தார்கள் என்று கேட்கும் உரிமையை நமக்குக் கொடுத்தது பதிவேடுதான்.

ஆனால் கணினி எதை விரைவாக்குகிறது என்று கவனியுங்கள். உள்ளே வந்த பதிவை விரைவாக்குகிறது. உள்ளே வராத சாவை அது தேடிக்கொண்டு போகாது. வாசலில் சொல்லப்படும் முதல் சொல் இன்னும் ஒரு மனிதர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

2023இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தேசிய அளவில் ஒரே தரவுத்தளம், மின்னணுச் சான்றிதழ், பதிவில் பெற்றோரின் ஆதார் எண். ஓராண்டு கடந்த பதிவுக்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை. மாவட்ட நடுவரோ, கோட்ட நடுவரோ, மாவட்ட நடுவர் அதிகாரம் அளித்த நிர்வாக நடுவரோ உத்தரவிடலாம். இவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் அதே திருத்தம் இன்னொன்றையும் சொல்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுரிமை, ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, அரசு வேலை, ஆதார் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சான்று பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான்.

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். நம் வட மாவட்டத்து இருளர் குடும்பங்களும் சூளை சூளையாக மாறிப் போகின்றன. பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிய வேண்டும் என்பது சட்டம். சூளைக் குடிசையில் பிள்ளை பெற்றவள் முன்பணக் கடனில் இருக்கிறாள். வேலையை விட்டு 21 நாளுக்குள் யாரைப் போய்ப் பார்ப்பாள்? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது. 2023 திருத்தம் அதற்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. அந்த அக்டோபரில் பிறந்த குழந்தைகள் பள்ளி வாசலுக்கு வரும்போது இந்த இரண்டு சட்டத்தில் எது வெல்லப்போகிறது என்பதை நாம் இப்போதே கேட்க வேண்டும். மலையகத்தில் பாட்டனின் சான்று கேட்டதைச் சற்றுமுன் சொன்னது இதற்காகத்தான்.

காய்ச்சல் கட்டம் இன்னும் இருக்கிறது

சாவு பதிவானாலும் காரணம் பதிவாவதில்லை. 2020இல் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 விழுக்காடுதான். மீதி சாவுகள் எதனால் நடந்தன என்று மருத்துவச் சான்று எதுவும் சொல்வதில்லை. இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. குடும்பத்துக்குக் கொடுக்கும் இறப்புச் சான்றிதழில் சாவின் காரணத்தைக் குறிப்பிடக்கூடாது என்று சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது.

2017 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் அவர்கள் குடும்ப அட்டை ரத்தாகியிருந்தது. சோறு சோறு என்று கேட்டே என் பிள்ளை செத்தாள் என்றார் தாய். மலேரியா என்றது நிர்வாகம். நூறு ஆண்டுக்கு முந்தைய காய்ச்சல் கட்டம் கணினிக்குள்ளும் வந்து உட்கார்ந்திருப்பது தெரிகிறதா?

மலக்குழி மரணங்களுக்கு வருவோம். 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. ஆனால் இறந்தவர்களின் பட்டியல் எந்த அரசிடமும் ஒழுங்காக இல்லை. ‘மூச்சுத்திணறல்’, ‘விபத்து’, ‘தவறி விழுந்தார்’ என்று எழுதிவிட்டால் சாவு கணக்கில் இருக்கும், சாதித் தொழில் கணக்கில் இருக்காது. அந்தப் பட்டியலைக் குடும்பம் குடும்பமாகப் போய்த் திரட்டியவர்கள் சஃபாய் கர்மசாரி அந்தோலன் போன்ற இயக்கத்தினர். அவர்கள் திரட்டியதைத்தான் நீதிமன்றம் பார்த்தது. அரசு எழுத மறுத்த இறப்புப் பதிவேட்டை இயக்கம் எழுதியது. இந்த நூற்றாண்டில் நம் மக்கள் உருவாக்கிய மிக முக்கியமான வரலாற்று ஆவணங்களில் ஒன்று அது.

சாதியைக் கேட்கலாமா?

இன்றைய பதிவுப் படிவத்தில் மதம் கேட்கிறார்கள், கல்வி கேட்கிறார்கள், தொழில் கேட்கிறார்கள். பட்டியல் சாதியா, பழங்குடியா என்று கேட்பதில்லை. அதனால் நம் பெண்கள் பிரசவத்தில் எத்தனை பேர் சாகிறார்கள், நம் குழந்தைகள் எத்தனை பேர் ஒரு வயதைத் தாண்டுவதில்லை என்பதை நாட்டின் பதிவேட்டிலிருந்து சொல்ல முடியாது. அதற்கு மாதிரி ஆய்வுகளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

சாதியைக் கணினிக்குள் விடுவது ஆபத்து என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஊர்ப் பதிவாளர் கையில், பெயருக்குப் பக்கத்தில் சாதி போக வேண்டாம். ஆனால் படிவம் ஏற்கெனவே இரண்டு பகுதியாக இருக்கிறது. சட்டப் பகுதி பதிவேட்டில் தங்கும். புள்ளிவிவரப் பகுதி பிரிந்து கணக்குக்கு மேலே போகும். கேள்வியை அந்தப் பகுதியில் மட்டும் வைக்கலாம், தொகுத்த எண்ணை மட்டும் வெளியிடலாம். 1918இல் பம்பாயில் முடிந்தது, இவ்வளவு கணினி வைத்துக்கொண்டு இன்று ஏன் முடியாது? முடியாது என்பதல்ல, 61.6 போன்ற ஓர் எண் வெளியே வரவேண்டாம் என்பதே பிரச்சினை என்று நான் நினைக்கிறேன்.

நாம் செய்ய வேண்டியது

மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு காலனியிலும் ஒரு நோட்டுப் புத்தகம். நடந்த பிறப்பும் சாவும், நாள், இடம், வீட்டார் சொன்ன காரணம். எழுதுகிறவர் அந்தத் தெருப் பிள்ளையாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவாளரிடம் உள்ள பதிவோடு ஒப்பிடுங்கள். விடுபட்டதை ஓராண்டு தாண்டுவதற்குள் பதிய வையுங்கள்.

இரண்டாவது, பெயர். பிறப்புப் பதிவில் பெயரை எழுதாமலே பதிந்துவிட்டு, பிறகு சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பெயர் சேர்க்காத சான்றிதழ்கள் நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன. தேடி எடுத்து, வீட்டார் வைத்த பெயரை முழுதாக, ஆதாரிலும் அதே எழுத்தில் இருக்கும்படி சேர்க்க உதவுங்கள்.

மூன்றாவது, காரணம். மருத்துவமனைச் சாவில், காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2023 திருத்தம் சொல்கிறது. கேட்டு வாங்குங்கள். மலக்குழிச் சாவில், பிரேதப் பரிசோதனை அறிக்கையும் முதல் தகவல் அறிக்கையும் கையில் வரும்வரை குடும்பத்தோடு நில்லுங்கள்.

நான்காவது, கோரிக்கை. பதிவுக்கு ஆதாரை நிபந்தனையாக்காதே. சூளைக்கும் தோட்டத்துக்கும் பதிவாளர் வரவேண்டும், தொழிலாளி அலையக்கூடாது. சான்று இல்லை என்று எந்தக் குழந்தையையும் பள்ளி வாசலில் நிறுத்தாதே. புள்ளிவிவரத்தில் எங்கள் சாவை எங்கள் சாவாகக் காட்டு.

தோழர்களே, 1928இல் பாபாசாகேப் கேட்டது, ஊராரின் சாவைச் சுமந்துகொண்டு ஓடும் வேலையிலிருந்து நம்மை விடுவிக்க வேண்டும் என்று. அந்த வேலையை நாம் திரும்ப எடுக்கப் போவதில்லை. இனி நாம் சொல்லப் போவது நம் சாவை, நம் பிறப்பை. என் தாத்தா வாசலுக்கு வெளியே நின்று சொன்னார். நாம் அலுவலகத்துக்கு உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து, எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம்.

அப்பா 2011இல் இறந்தார். ஒன்பதாம் நாள் நானே போய்ப் பதிந்தேன். பெயரில் ஓர் எழுத்து தவறாக இருந்தது. திருத்தும்வரை எழுந்து வரவில்லை.

ஜெய்பீம்.